நாவலும் படப்புத்தகமும்: ரஷ்யக் குடும்ப வாசிப்பின் வரலாறு

பெரியவர்களின் நாவலும் குழந்தைகளின் படப்புத்தகமும் ஒரே விளக்கின் கீழ் வாசிக்கப்பட வேண்டியவை என்ற எண்ணம் ரஷ்யாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. அதற்கு முன்பே நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது ‘லூபோக்’ எனப்படும் மலிவு விலைப் படத்தாள். தொடக்கத்தில் மரக்கட்டையில் செதுக்கியும், பின்னர் செப்புத் தகட்டிலும் கல்லச்சிலும் அச்சிட்டும், கையால் வண்ணம் தீட்டப்பட்ட இத்தாள்களை மூட்டை கட்டி ஊர் ஊராகச் சுமந்து சென்ற வியாபாரிகளே, எழுத்தறியாத உழவர் குடும்பங்களுக்குக் கதையைக் கொண்டு சேர்த்தனர்.

இவ்வழக்கத்தின் வலிமையை நன்குணர்ந்தவர் லேவ் டால்ஸ்டாய். யாஸ்னயா பொல்யானாவில் இருந்த தம் பண்ணையில் 1859-இல் உழவர் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய அவர், ‘போரும் அமைதியும்’ நாவலை முடித்த பின் அடுத்த பெரும்பணியாக எடுத்துக்கொண்டது, 1872-இல் வெளியான ‘அஸ்பூக்கா’ என்ற அரிச்சுவடியையே. 1884-இல் அவரும் நண்பர் செர்த்கோவும் ‘பொஸ்ரேத்னிக்’ பதிப்பகத்தை உருவாக்கியபோது, அந்த வியாபாரிகளின் மூட்டையிலேயே நல்ல இலக்கியமும் இடம்பெற வேண்டும் என்று விரும்பி, லூபோக் பதிப்பாளரான இவான் சீத்தினைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டனர். ரேப்பின் போன்ற முன்னணி ஓவியர்களும் அந்தச் சிறு நூல்களுக்குப் படம் வரைந்தனர்.

நகரத்து நடுத்தர வீடுகளில் இப்பணியைச் செய்தது, அடோல்ஃப் மார்க்ஸ் என்ற ஜெர்மானியப் பதிப்பாளர் 1870 முதல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து நடத்திய ‘நீவா’ என்னும் படங்கள் நிறைந்த வார இதழ். சந்தா கட்டியவர்களுக்குத் தஸ்தயேவ்ஸ்கி, துர்கனேவ், செக்கோவ் ஆகியோரின் தொகைநூல்களை இலவச இணைப்பாக அது வழங்கியதால், புத்தகக் கடையே இல்லாத சிற்றூர்களிலும் அஞ்சல்வழியே ஒரு வீட்டு நூலகம் சிறுகச் சிறுக உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் விற்பனை 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ 1899-இல் தொடராக வந்ததும் இவ்விதழில்தான். ராணுவச் சேவையை மறுத்ததற்காகத் துன்புறுத்தப்பட்ட துகொபோர் என்னும் சமயப் பிரிவினர் கனடாவில் குடியேறுவதற்குப் பொருள் திரட்டவே அவர் அந்நாவலை நீவாவுக்கு அளித்தார். கவிஞர் போரிஸ் பாஸ்டர்நாக்கின் தந்தையான ஓவியர் லியொனித் பாஸ்டர்நாக் வரைந்த படங்கள், இதழ் வெளியாகும் நாளுக்குள் சேர வேண்டும் என்பதற்காக மாஸ்கோவிலிருந்து ரயிலில் அவசரமாக அனுப்பப்பட்டன. கைவிடப்பட்ட ஒரு பெண்ணையும் நீதிமன்றத்தின் இரக்கமின்மையையும் சிறைக் கொடுமையையும் பேசும் கதை, தணிக்கையின் வெட்டுகளுக்குப் பிறகும், குடும்ப இதழில் வாரந்தோறும் வீட்டுக்குள் வந்தது என்பதே இவ்வரலாற்றின் மிக முக்கியமான செய்தி. வாழ்வின் கசப்பை வடிகட்டிய எழுத்தே குடும்பத்துக்கு ஏற்றது என்ற கொள்கை அங்கே செல்லுபடியாகவில்லை.

குழந்தைகளின் நூலுக்கும் இதே மதிப்பு கிடைத்தது. 1901 முதல் 1903 வரை இவான் பிலீபின் படம் வரைந்த நாட்டுப்புறக் கதை நூல்கள், ரூபிள் நோட்டுகளை அச்சிட்ட அரசு அச்சகத்திலேயே அச்சாயின. தடித்த கோட்டுக்குள் தட்டையான வண்ணத்தை நிரப்பும் அவருடைய பாணியில் லூபோக்கின் சாயல் தெளிவாகத் தெரியும். புரட்சிக்குப் பின் லெனின்கிராதில் கவிஞர் சாமுவில் மர்ஷாக்கும் ஓவியர் விளாதிமிர் லேபெதெவும் இணைந்து உருவாக்கிய மெல்லிய படநூல்களில் பாட்டும் படமும் வெற்றிடமும் சேர்ந்தே திட்டமிடப்பட்டன. எழுதி முடித்த பிரதிக்குப் பிறகு படம் சேர்க்கும் பழைய முறையிலிருந்து இது பெரிய முன்னேற்றம்.

இம்மரபின் இரு கிளைகளும் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வழியாகவும், 1982-இல் அதிலிருந்து பிரிந்த ராதுகா பதிப்பகம் வழியாகவும் தமிழுக்கு வந்து, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளிலும் கண்காட்சிகளிலும் எளிய குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. மாஸ்கோவில் தங்கிப் பணியாற்றிய ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் ‘புத்துயிர்ப்பு’ தமிழ் வீட்டு அலமாரியில் இடம்பிடித்தபோது, அதே அலமாரியில் அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ நூலும் இருந்தது. நோயுற்றிருந்த தம் மகளுக்குத் தம் சிறுவயதுக் குறும்புகளையும் தவறுகளையும் ஒளிக்காமல் சொல்லிச் சொல்லி ரஸ்கின் உருவாக்கிய அந்நூலில், தந்தையும் பிள்ளையும் ஒருசேரச் சிரிப்பதற்கு இடம் உண்டு. குடும்பமாக வாசிக்கத் தக்க நூல்களுள் அதற்கு முதல் வரிசையில் இடமளிக்கலாம்.

1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் இந்த வரத்து நின்றது. நாவல்களில் சிலவற்றைத் தமிழ்ப் பதிப்பகங்கள் மறுபடி அச்சிட்டன. அரசின் பொருளுதவியால் மட்டுமே அந்த விலைக்குத் தர முடிந்த பல வண்ணப் படநூல்களை அவ்வாறு மீட்பது எளிதாக இருக்கவில்லை.