ஒரே வேதம், இரு படைகள்

1865ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் நாள் வாஷிங்டன் நகரிலே ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறையாக ஜனாதிபதிப் பதவியை ஏற்றார். 6 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட உள்நாட்டுப் போர் முடியுந் தறுவாயில் இருந்தது. வடபகுதியின் வெற்றியும் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்துத் திரண்ட மக்கள் அன்று கேட்டதோ வேறு.

அந்நாடு போர்க்களத்திற் பிளவுபடுமுன்னரே ஆலயத்திற் பிளவுபட்டிருந்தது. 1844இல் நியூயோர்க்கிற் கூடிய மெதடிஸ்த மாநாட்டிலே, ஜோர்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் அன்ட்ரூ அடிமைகளை உடையவராயிருந்தமை பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. அதன் பயனாக, அடுத்த ஆண்டிலே தென்பகுதிச் சபைகள் தனித்துப் போயின. பப்திஸ்த சபையாரும் அதே 1845இற் பிரிந்தனர். முற்பிதாக்களும் அடிமைகளை வைத்திருந்தனரே என்றனர் தென்பகுதிப் போதகர் பலர். எகிப்தின் அடிமைத்தனத்தினின்று இஸ்ரவேலரை மீட்டவர் ஆண்டவர் அன்றோ என்றனர் எதிர்த்தரப்பார். இருவர் கையிலும் இருந்தது ஒரே வேதாகமம்.

லிங்கன் எத்திருச்சபையிலும் உறுப்பினராகச் சேராதவர்; எனினும் வேதாகமத்தை நன்கு கற்றவர். சில நிமிடங்களே நீடித்த தம் உரையில் அவர் இம்முரண்பாட்டையே எடுத்துக்காட்டினார். இரு சாராரும் ஒரே கடவுளை வேண்டுகின்றனர். இருவர் வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை என்றார். அடிமை முறையே போருக்குக் காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயின் அக்குற்றத்தைத் தெற்கின் தலைமீது மட்டும் சுமத்தவுமில்லை. அதன் தண்டனை வடக்குக்கும் தெற்குக்கும் பொதுவானது என்றார். எவர்மீதும் பகையின்றி நாட்டின் புண்ணை ஆற்றுமாறு வேண்டி உரையை முடித்தார்.

அடிமைத்தளையினின்று தப்பி வந்த பேரறிஞர் பிரெடரிக் டக்ளஸ் அக்கூட்டத்தில் இருந்தார். அன்று மாலை வெள்ளை மாளிகையின் வாயிலிலே காவலர் அவரைத் தடுத்தனர். லிங்கனோ அவரை உள்ளே வரவேற்று, உரை பற்றிய கருத்தை வினவினார். அது புனிதமானதொரு முயற்சி என விடையிறுத்தார் டக்ளஸ். ஏப்ரல் 14ஆம் நாள் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் உயிர் துறந்தார்.

பிரிந்த மெதடிஸ்த சபைகள் 1939இல் மீண்டும் ஒன்றுபட்டன. ஆயினும் அவ்வொற்றுமையிலே கறுப்பின மக்களின் சபைகள் நிறத்தின் பெயரால் வேறொரு நிருவாகப் பிரிவாக ஒதுக்கப்பட்டன. அவ்வேற்பாடு 1968 வரை நீடித்தது. எவர் பொருட்டுப் பிளவு நேர்ந்ததோ, அவரை ஓரத்தில் நிறுத்திவிட்டே பிரிந்தவர் கைகோத்தனர்.

எதிரியின் உள்ளத்தை அறிதல் பெருந்தன்மை. தன் பங்குக் குற்றத்தை ஒப்புதல் அதனினும் அரிது. ஆனால் தீங்குக்கு ஆளானவனை மறந்து செய்யும் சமாதானம், சண்டையிட்ட இருவருக்கே உரிய சமாதானமாகும். லிங்கனின் உரை குற்றத்தையும் பெயர் சொல்லிற்று, பகையையும் விலக்கிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே செய்தமையாலேயே அவ்வுரை இன்றும் வாழ்கின்றது.