வீடியோ நாடாத் தொகுப்பில் காட்சி இணைப்பின் வரலாறு

வீடியோ நாடாவில் பதிவான இரு காட்சிகளை, பார்ப்பவரின் கவனம் கலையாதபடி இணைப்பது நாடாத் தொகுப்பின் அடிப்படை வேலையாகும். இன்று கணினியில் சில வினாடிகளில் முடியும் இவ்வேலை, 1950களிலும் 1960களிலும் மிகக் கடினமானதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. அக்காலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எழுதப்பட்ட விதத்தையும் நடிக்கப்பட்ட விதத்தையும்கூட இந்தக் கடினம் தீர்மானித்தது.

கண்ணுக்குத் தெரியாத படம்

அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956 ஏப்ரலில் சிகாகோவில் தன் வீடியோ நாடாக் கருவியை வெளியிட்டது. அதில் 2 அங்குல அகலமுள்ள நாடா வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடியது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே 3 மணி நேர வேறுபாடு உண்டு. ஒரே நிகழ்ச்சியைப் பதிந்து வைத்து மேற்கில் பிறகு ஒளிபரப்புவதே இக்கருவியின் முதல் பயனாக இருந்தது.

திரைப்படச் சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு படமும் தெரியும். இரு படங்களுக்கு இடையே வெட்டி ஒட்டலாம். நாடாவிலோ காந்தப் பதிவு மட்டுமே உண்டு, கண்ணுக்கு எதுவும் தெரியாது. எனவே தொகுப்பாளர்கள் நுண்ணிய இரும்புத் தூள் கலந்த திரவத்தை நாடாவில் தடவினர். தூள் படிந்து தடங்கள் தெரிந்ததும், உருப்பெருக்கியில் பார்த்து, ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வெட்டினர். வெட்டு சற்றே பிசகினாலும் அந்த இடத்தில் திரையில் படம் உருண்டோடியது.

ஒலி மற்றொரு சிக்கலைத் தந்தது. ஒலியைப் பதியும் முனை படத்தைப் பதியும் முனையிலிருந்து விலகி இருந்ததால், ஒரு படமும் அதற்குரிய ஒலியும் நாடாவில் அரை வினாடிக்கும் மேல் தள்ளித் தள்ளி அமைந்தன. படத்துக்குச் சரியான இடத்தில் வெட்டினால், பேச்சு தவறான இடத்தில் அறுபட்டது. ஆகவே, பேச்சில் இடைவெளி விழும் இடங்கள் வெட்டுவதற்கு வசதியாக இருந்தன.

வெட்டாமல் நடித்த காலம்

அக்காலத்தில் நாடாவின் விலை மிக அதிகம். பிரிட்டனின் பிபிசி நிறுவனம் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. வெட்டி ஒட்டிய நாடா அதற்கு அவ்வளவாக உதவாது. இதனால் 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' போன்ற தொடர்கள், நேரடி மேடை நாடகம் போலப் பெரும்பாலும் நிறுத்தாமல் பதிவு செய்யப்பட்டன. காட்சி மாற்றங்கள் பதிவின்போதே, பல கேமராக்களின் படங்களைக் கலக்கும் கருவியில் செய்யப்பட்டன. நடிகர் வசனத்தில் தடுமாறினாலும், பல வேளைகளில் அந்தத் தடுமாற்றம் அப்படியே ஒளிபரப்பானது.

அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய 'லாஃப்-இன்' நகைச்சுவை நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. அதன் ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கணக்கான ஒட்டுகள் இருந்தன. முதலில் நாடாவின் படி ஒன்றைத் திரைப்படச் சுருளில் எடுத்து அதைத் தொகுத்துப் பார்த்தனர். பிறகு அதே இடங்களில் மூல நாடாவை வெட்டினர். காட்சிகள் சட்டென்று மாறும் வேகமே அந்நிகழ்ச்சியின் அடையாளமாகியது.

பிளேடிலிருந்து நேரக் குறியீட்டுக்கு

பிளேடால் செய்ய முடியாதது ஒன்று இருந்தது. ஒரு காட்சி மெல்ல மறைய மற்றொன்று அதன் மேல் தோன்றும் 'டிசால்வ்' மாற்றத்துக்கு இரு படங்களும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இரண்டு கருவிகளில் நாடாக்களை ஓட்டி, இரு படங்களையும் கலந்து, மூன்றாவது கருவியில் பதிய வேண்டும். மூன்றும் ஒரே சீராக ஓடாவிட்டால் படம் குலையும்.

1963இல் ஆம்பெக்ஸ் வெளியிட்ட 'எடிடெக்' அமைப்பு, வெட்டுவதற்குப் பதிலாகப் படியெடுத்து இணைக்கும் மின்னணுத் தொகுப்பை எளிதாக்கியது. 1967இல் ஈகோ நிறுவனம், ஒவ்வொரு படத்துக்கும் மணி, நிமிடம், வினாடி, பட எண் தரும் நேரக் குறியீட்டைக் கொண்டுவந்தது. பின்னர் எஸ்எம்பிடிஇ அமைப்பு இத்தகைய குறியீட்டைத் தரப்படுத்தியது. அதன்பின் கணினியே கருவிகளைச் சில வினாடிகள் முன்னோட்டமாக ஓட்டி, வேகம் சீரானதும் குறித்த படத்தில் இணைத்தது. காட்சிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக 'ஏ', 'பி' என்ற இரு சுருள்களில் அடுக்கிக் கலக்கும் முறையும் பரவலானது.

ஆனால் ஒவ்வொரு படியெடுப்பிலும் படத்தின் தெளிவு குறைந்தது. கலக்க வேண்டிய இரு காட்சிகளும் ஒரே நாடாவில் இருந்தால், ஒன்றை முதலில் வேறு நாடாவுக்குப் படியெடுக்க நேர்ந்தது. எனவே, காலமோ இடமோ மாறுவதைக் காட்டும் இடங்களுக்கு டிசால்வை ஒதுக்குவது சிக்கனமாக இருந்தது. மற்ற இடங்களில் நேர் வெட்டையே உறுத்தாமல் செய்யும் வழிகள் கைகொடுத்தன: ஒருவர் எழும் அசைவின் நடுவே வெட்டி, அடுத்த கோணத்தில் அதே அசைவைத் தொடர்வது; அடுத்த காட்சியின் ஒலியைச் சற்று முன்னரே கேட்கச் செய்வது.

1971இல் வந்த 'சிஎம்எக்ஸ் 600', காட்சிகளை வட்டுகளில் ஏற்றி விரும்பிய வரிசையில் பார்க்க வழிசெய்தது. 1989இல் வந்த 'அவிட்' இம்முறையைப் பரவலாக்கியது. பின்னர் பதிவும் தொகுப்பும் முழுவதும் எண்முறைக்கு மாறியபோது, டிசால்வுக்காக இழக்க வேண்டியது எதுவும் இல்லாமல் போயிற்று. ஆயினும் அசைவில் வெட்டுவதும் ஒலியை முந்தவிடுவதும் இன்றும் தொகுப்பு மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன.