பட்டையிரும்புப் பாறைகள்

இரும்பு ஆக்ஸைடு மிகுந்த கரிய அல்லது செந்நிற அடுக்குகளும் சிலிக்கா மிகுந்த அடுக்குகளும் மாறி மாறி அமைய, பூர்வ சமுத்திரங்களின் அடித்தளத்தில் படிந்த பாறைகள் பட்டையிரும்புப் பாறைகள் எனப்படும். உலகில் இன்று வெட்டியெடுக்கப்படும் இரும்புக் கனிமத்தின் பெரும்பகுதி இவற்றிலிருந்தோ, இவை செறிவுற்றுப் பிறந்த படிவுகளிலிருந்தோ கிடைக்கிறது.

உற்பத்தி: ஆதிகால வாயுமண்டலத்தில் பிராணவாயு அநேகமாக இல்லாதிருந்தமையால், கடலடி வெந்நீர் ஊற்றுக்களிலிருந்து வெளிப்பட்ட இரும்பு, துருவாக மாறாமல் நீரில் கரைந்தே நின்றது. சூரிய ஒளியால் தம் உணவை ஆக்கிக்கொள்ளும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் தோன்றிப் பிராணவாயுவை வெளியிட, அது கரைந்திருந்த இரும்புடன் கூடிக் கரையாத ஆக்ஸைடாகி அடியில் படிந்தது. பிராணவாயுவின் துணையின்றி ஒளியைக் கொண்டே கரைந்த இரும்பைக் கரையாததாக மாற்றவல்ல நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து. அடுக்குகள் மாறி மாறி அமைந்ததன் காரணம் பற்றி இன்றும் விவாதம் உண்டு.

காலம்: கிரீன்லாந்தின் இசுவா பகுதியிலுள்ளவை ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இவற்றின் உற்பத்தி உச்சம் அடைந்தது. 180 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் ஓய்ந்தது. பூமியைப் பனி மூடிய சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலத்தில் சிறிதளவு மீண்டும் நிகழ்ந்தது.

செறிவு: மூலப்பாறையில் இரும்பு சுமார் 30 சதவீதமே. பிற்காலத்தில் ஊடுருவிய நீர் சிலிக்காவைக் கரைத்து அகற்றிய இடங்களில், 60 சதவீதத்துக்கு மேல் இரும்புடைய ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடுப் படிவுகள் உண்டாயின. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைத்தொடர் இதற்குச் சிறந்த உதாரணம்.

இந்தியாவில்: சிங்பூம், கியோஞ்சர், பைலாடிலா ஆகிய இடங்களில் ஹேமடைட் செறிந்துள்ளது. சேலத்தை அடுத்த கஞ்சமலையிலோ, பூமியின் உட்புற வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பாறை உருமாறி, மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடும் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காவும் கலந்த பாறையாக நிற்கிறது. சேலத்துக் கனிமத்தை நம்பியே ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை அமைத்தார்.

இன்றைய சமுத்திரங்களில் பிராணவாயு நிறைந்திருப்பதால், இரும்பு பெருமளவில் கரைந்து தேங்க இடமில்லை. இத்தகைய படிவுகள் புதிதாக உண்டாவதுமில்லை. ஆதலின், இருப்பதைச் சிக்கனமாகக் கையாள்வதும், பழைய இரும்பை உருக்கி மீண்டும் பயன்படுத்துவதும் நம் கடமையாகும்.