பி. பி. குமாரமங்கலமும் போர்க்குடிக் கோட்பாடும்

சென்னை மாகாணப் படை வரலாற்றில் 1933ஆம் ஆண்டு இருவகையால் கருதத்தக்கது. மதராஸ் பயனியர் படைப்பிரிவு அவ்வாண்டில் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சார்ந்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் (1913-2000), இங்கிலாந்தின் உல்விச் படைக்கல்லூரியில் பயின்று அதிகாரியானார்.

தென்னாட்டார் போருக்குத் தகாதவர் என்னும் கருத்து, 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராக விளங்கிய ராபர்ட்ஸ் போன்றோரால் வலுப்பெற்றது. அதன் விளைவாகச் சென்னைக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1920களின் இறுதிக்குள் அவை அறவே மறைந்தன. சாப்பர் படையே எஞ்சி நின்றது. இந்தியர் பீரங்கிப்படை அதிகாரிகளாகும் வழியும், 1925இல் அமைந்த ஸ்கீன் குழுவின் பரிந்துரைக்குப் பின்னரே திறந்தது.

குமாரமங்கலத்தின் நியமனத்தை இக்கோட்பாட்டின் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. தந்தை ப. சுப்பராயன் மாகாண முதலமைச்சராக இருந்தவர் (1926-1930). மகன் பயின்றதோ ஈட்டன் பள்ளி. குடிப்பெருமையும் செல்வமும் திறந்த வாயில் அது. கோட்பாட்டை உண்மையில் அசைத்தவர்கள், 1935இல் பெங்களூரில் அமைந்த முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவில் சேர்க்கப்பட்ட பெயரறியாச் சென்னை வீரர்களே எனலாம்.

எனினும் அவர்தம் போர்த்திறம் ஐயத்திற்கு இடமற்றது. 1942 மே மாதம் லிபியாவின் பீர் ஹக்கீம் பகுதியில், இந்திய இரண்டாம் களப் பீரங்கிப் பிரிவில் நின்று பொருதார், டி.எஸ்.ஓ. விருது பெற்றார். அவ்வாண்டிலேயே சிறைப்பட்டு இத்தாலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கிருந்து தப்பி மீண்டும் பிடிபட்டு, ஜெர்மானியச் சிறைமுகாமில் அடைபட்டார். அவருடன் தப்பியவருள் ஒருவரான யாகூப் கான் பிற்காலத்தில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சரானார்.

பேரரசின் படையில் இவர் பணியாற்றிய அக்காலத்தே, தம்பி மோகன் குமாரமங்கலம் அப்பேரரசுக்கு எதிரான சென்னைச் சதி வழக்கில் 1941இல் கைதானார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் ஆங்கிலேயர் சிறையிலும் ஒருவர் ஆங்கிலேயரின் பகைவர் சிறையிலும் இருந்த இந்நிலை, தனியே ஆராயத்தக்கது.

1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக விளங்கினார். அப்பதவி வகித்த முதல் தமிழர் இவர். இங்கிலாந்துக் கல்லூரிகளில் பயின்று மன்னர் ஆணை பெற்ற அதிகாரிகளுள் அப்பதவியை இறுதியாக வகித்தவரும் இவரே. பின்வந்த மானெக்ஷா டேராடூனில் பயின்றவர். குமாரமங்கலத்தின் தலைமைக் காலத்தில், 1967 செப்டம்பரில் நாதுலாக் கணவாயில் சீனப்படையுடன் நிகழ்ந்த மோதலில், இந்தியத் தரப்பின் பீரங்கிச் சூடே முடிவைத் தீர்மானித்தது.