கணக்கப்பிள்ளையின் கணக்கும் நம் பிள்ளைகளின் கணிதமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வரும் ஒவ்வொரு முறையும் பதுளையில் ஒரு பேச்சு கேட்கும்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் வராது." வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளுக்கு வந்த தொழிலாளர்களைக் கட்டிவைத்தது 'துண்டு' என்ற கடன் சீட்டு. எழுதியிருக்கும் தொகையைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. தொகை சரியா என்று கூட்டிப் பார்க்கப் பலருக்கு எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான்.

1907இல் வந்த கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் படிப்பைத் தோட்டத் துரைமாரின் பொறுப்பாக்கியது. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இல். 32 வருட இடைவெளி!

இந்த இடைவெளி கணிதத்தைத்தான் அதிகம் தாக்கும். வரலாற்றில் ஒரு பாடம் விடுபட்டாலும் அடுத்ததை வாசித்து விளங்கிக்கொள்ளலாம். பின்னம் விளங்காத பிள்ளை அட்சரகணிதத்தில் நின்றுவிடும். வீட்டில் சொல்லிக்கொடுக்க, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெற்றோரால் எப்படி முடியும்?

ஆனால் லயத்தில் கணக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, முழுப் பேரா அரைப் பேரா என்று அந்தத் தாய்மார் மனதிலேயே போட்டுவிடுவார்கள். கணக்கப்பிள்ளை எழுதுவதற்கு முன்பே அவர்களுக்கு விடை தெரியும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மூளை குறைவில்லை. வருடம் முழுக்க நிற்கும் கணித ஆசிரியர்தான் குறைவு.

இது தோட்டத்துக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியர் தட்டுப்பாடு நம் முஸ்லிம் பாடசாலைகளுக்கும் பொதுவானது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் 11ஆம் தரப் பெறுபேற்றை மட்டும் கேட்காதீர்கள். "தரம் 6க்கும் 7க்கும் கணிதம் படிப்பிப்பது யார்? வருடம் முழுக்க இருப்பாரா?" என்றும் கேளுங்கள். நல்ல ஆசிரியரைக் கடைசி இரண்டு வருடத்துக்கு ஒதுக்கிவைத்தால், அதற்கு முன்பே பாதிப் பிள்ளைகள் மனம் விட்டிருப்பார்கள். பள்ளிவாசல் மண்டபமோ கோயில் மண்டபமோ, சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் பின்னமும் சதவீதமும் சொல்லிக்கொடுக்க நாங்கள் தயார். இடம் தர முன்வருபவர்கள் கீழே எழுதுங்கள்.