விரால் மூச்சு விடும் இடம்

கடலோரத்தில் பிறந்து, வள்ளத்தின் விளிம்பிலிருந்து தங்கூசில் முள்ளைக் கட்டி இறக்கி மீன் பிடித்துப் பழகிய ஒருவன், உத்தியோக நிமித்தமாகச் சங்கரன்கோவிலுக்குக் குடிபெயர்ந்து, ஐப்பசி மழையில் நிரம்பிய ஒரு குளத்தங்கரையில் அதே தங்கூசும் அதே முள்ளும் மண்புழுவுமாக உட்கார்ந்தால் என்ன நேரும் என்பதை நான் சொந்த அனுபவத்தால் அறிவேன்: நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தும், விரலளவுக் கெண்டைகள் புழுவை நக்கித் தின்றுவிட்டுப் போயினவேயன்றி, நான் நாடி வந்த விரால் ஒன்றுகூட என் தக்கையை அசைக்கவில்லை. ஐந்தாம் ஞாயிறன்று மறுகால் ஓரத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர், என் பிரயாசையை நெடுநேரம் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கரையேறி வந்தார். “தம்பி, கடல்ல நீங்க இரையப் போட்டுட்டுச் சும்மா இருக்கலாம். இங்க அது மூச்சு விடுத இடத்தப் பாத்துல்லா போடணும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் விராலின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. விரால் செவுளை மட்டும் நம்பி உயிர் வாழ்வதன்று; தலைக்குள் காற்றைத் தேக்கிக்கொள்ளும் அறையொன்று அதற்கு உண்டாதலால், சற்றைக்கொரு தரம் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியாக வேண்டும்; மேலே வரவிடாமல் தடுத்தால், மீனாயிருந்தும் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அல்லியிலைகளுக்கு நடுவே ‘களக்’கென்று ஒரு சத்தமும், அதைச் சுற்றி மெல்ல விரியும் ஒரு வளையமும் தோன்றினால், அந்த இடத்துக்கு ஒரு முழம் அப்பால் இரை விழவேண்டும். இரையும் புழுவாக இருந்து பயனில்லை. உயிருள்ள சிறு தவளையின் முதுகுத்தோலில் மட்டும் முள்ளைக் கோத்து, அது நீந்தும்படி விடவேண்டும். இதை முதன்முறை செய்தபோது என் கை கூசியதென்பதை மறைக்கமாட்டேன். விரால் கவ்வியதும் பதறி இழுத்துவிட்டேன். தவளை மட்டுமே திரும்பி வந்தது. விரால் இரையை வாயில் கவ்விக்கொண்டு சிறிது தூரம் போய், பிறகுதான் விழுங்கும் என்பதும், அதுவரை தங்கூசைத் தளரவிட்டுப் பொறுத்திருக்கவேண்டும் என்பதும் அந்த முதியவரிடம் நான் கற்ற இரண்டாம் பாடம்.

ஆங்கிலேயர் இந்த மீனினத்துக்குப் ‘பாம்புத்தலை’ என்று பெயர் வைத்தார்கள். சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்கள் ஹரி பெரியவனா, ஹரன் பெரியவனா என்று வழக்காடிய கதையைத் தன் ஸ்தல புராணமாகக் கொண்ட ஊரில், குளத்து மீனும் பாம்பின் ஜாடையோடு இருப்பது எனக்கு ஒரு வேடிக்கையான பொருத்தமாகத் தோன்றும். ஆடித்தபசுக்கு ஊர் நிரம்ப ஜனங்கள் வந்து கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கிப்போகும் பருவத்தில், இங்குள்ள குளங்களிற் பல வறண்டு வெடித்துக் கிடக்கும்; அப்போதும் விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழைக்குக் காத்துக் கிடப்பதுண்டு.

புதிய சீமைக்கு வந்து அங்குள்ள மீனிடம் பாடம் கற்றவர்களில் எழுத்து மூலம் நமக்குத் தெரிந்த பெரியவர், சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். தென்கன்னட ஜில்லாவில் கலெக்டராக இருந்தபோது அவர் அந்நாட்டு நதிகளில் தூண்டில் போட்டுப் பழகி, 1873-இல் மங்களூரில் அச்சேற்றிய ‘இந்தியாவில் தூண்டிற்கோல்’ என்ற ஆங்கில நூல், பிற்காலத்துத் தூண்டிற்காரர் பலருக்கும் வேதமாக விளங்கிற்று. இங்கிலாந்தின் சால்மனையே மீன்களின் சக்கரவர்த்தியாக எண்ணி வந்த தம் இனத்தாரிடம், இந்திய நதியின் மஹசீர் போராட்டத்தில் அதற்குக் குறைந்ததன்று என்று வாதாடிய நேர்மை அவருடையது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1887-இல், நதிகளை விட்டுக் குளங்களுக்கு இறங்கி, குளத்துத் தூண்டிலைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் செய்தார். பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் மாடு குளிக்கும் குளத்தைப் பற்றி ஒரு கிரந்தமே எழுதத் துணிந்தது சாமானிய விஷயமல்லவென்பது என் அபிப்பிராயம்.

அவருடைய இனத்தாரில் வேறொரு சாராரின் வழி இதற்கு நேர் எதிரானது. நீலகிரிக்குப் போனவர்கள் அங்குள்ள ஓடைகளிடம் கற்றுக்கொள்ள மனமில்லாமல், தங்கள் நாட்டு டிரௌட் மீனையே அங்கே கொண்டுவந்துவிட முயன்றார்கள். ‘இந்திய மீன்கள்’ என்னும் மகாகிரந்தத்தைப் பின்னாளில் இயற்றிய பிரான்சிஸ் டே என்ற வைத்தியர் 1863-இல் செய்த முயற்சி வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகே வானவில் டிரௌட் நீலகிரித் தண்ணீரில் நிலைகொண்டது.

நம் பக்கத்துக் குளங்களுக்கு வருவோம். குளத்து மீன் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் பொருளாக எக்காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்றொரு வரி வருகிறது. குளத்து மீனுக்காகச் செலுத்திய பாட்டம் என்று கல்வெட்டறிஞர்கள் அதற்குப் பொருள் கொள்வர். ராஜாங்கங்கள் மாறி, பாளையக்காரர் காலமும் ஜமீன் காலமும் கழிந்து, 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் ஜமீன் குளங்கள் சர்க்கார் வசமாகி, பெரியவை பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சிகளுக்குமாகப் பிரிந்த பின்னும், அந்தச் சொல் மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் ஏல அறிவிப்பில் ‘மீன்பாசி ஏலம்’ என்றே எழுதுகிறார்கள். படித்துப் போகிறவர் தம் வாயில் புரள்வது ஒரு கல்வெட்டுச் சொல் என்பதை நினைப்பதில்லை. நானும் நெடுநாள் வரை நினைக்கவில்லை.

ஏலம் எடுத்தவரின் உரிமைக்கு நடுவிலும், நீர் வற்றும் பங்குனி, சித்திரையில் ஊத்தா குத்துவதும், பறி வைப்பதும், தூண்டில் போடுவதும் ஊராரின் வழக்கமாக நின்றன. காக்காய்க்கொல்லி விதையை இடித்துக் கரைத்து மீனை மயக்கும் வழியும் நாட்டில் இருந்தது. அது குஞ்சையும் கிழத்தையும் ஒன்றாகவே மிதக்கவிடும். மீன்குஞ்சுகளை வகைதொகையின்றி வாரி அழிக்கும் பழக்கத்தைப் பற்றித் தாமஸும் டேயும் விடாமல் முறையிட்டு வந்ததற்குப் பிறகு, வெடியும் விஷமும் கொண்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் பிறந்தது. எனக்குப் பாடம் சொன்ன முதியவர் அந்தச் சட்டத்தை அறியார். ஆயினும், செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் ஒரு பந்தாகத் திரண்டு மேலே வந்து கொப்பளிக்கும் இடத்தில், கீழே தாய்தகப்பன் காவல் நிற்கும் என்பதையும், அங்கே இரையைப் போட்டால் கோபத்தினாலேயே அது கவ்விவிடும் என்பதையும் நன்கு தெரிந்திருந்தும், “குஞ்சோட நிக்கிறதப் பிடிக்கப்பிடாது தம்பி” என்று என் கையைப் பிடித்துத் தடுத்தார். அவரிடம் காரணம் கேட்டேன். மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

பின்னர்க் குளத்துக்கே புதுக் குடிகள் வந்தன. ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்டு, முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. நாளடைவில் நம் ஜனங்கள் அதற்கு ‘ஜிலேபி’ என்று நாமகரணம் செய்து, உழக்கு நீரிலும் பெருகும் அதன் சந்ததியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வடநாட்டு நதி மீன்கள் தேங்கிய நீரில் முட்டையிடாத ஸ்வபாவமுள்ளவை. 1957-ஆம் வருஷம் ஜூலை 10-ஆம் தேதி ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றி மீனை முட்டையிடச் செய்த பிறகே, அத்தகைய குஞ்சுகளை வேண்டிய அளவு உண்டாக்கி, குளந்தோறும் விடுவதற்கு வழி பிறந்தது. மழை பெய்து குளம் பெருகியவுடன் ஏலக்காரர் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிறார். அந்தக் குஞ்சுகளை விரால் தின்னுகிறது.

ஆகவே கணக்கு தலைகீழாயிற்று. கங்கைச் சமவெளியிலிருந்து வந்த கட்லா குளத்துக்குச் சொந்தக்காரனாகிவிட, சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கடத்திய விரால் திருடனாகிவிட்டது. கார்த்திகையில் அதன் பெயரைச் சொன்னாலே ஏலக்காரருக்கு முகம் சுளிக்கும். பங்குனியில் வலை இழுக்கும்போது கதை வேறு; செத்த கட்லாவைக் கூறு கட்டி விற்பவர், விராலை மட்டும் அண்டாவில் ஒரு சாண் தண்ணீரில் உயிரோடு போட்டு, ஈரச்சாக்கால் மூடி, கட்லாவின் விலைக்கு மேலே பல மடங்கு சொல்லுவார். சென்ற பங்குனியில் அப்படியொரு அண்டாவின் அருகில் நின்றுகொண்டிருந்தேன். சாக்குக்கு அடியில் ‘களக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. விலை பேசிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை, என் கை மட்டும் இல்லாத தூண்டிலைத் தேடிற்று.