சுரங்க வாயிலிற் புதியவர்: நேட்டால், கோலார், வன்னி - ஓர் ஒப்புநோக்கு

தொழில் நாடிப் பிறநாடு சென்ற தமிழரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெருந்தோட்டங்களையே களமாகக் கொண்டுள்ளன. கோப்பி, தேயிலை, இறப்பர், கரும்பு ஆகிய பயிர்களின் வரலாற்றோடு இணைத்தே அம்மக்களின் வரலாறும் எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின் இவர்களுள் ஒரு பகுதியினர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பொற்சுரங்கங்களிலும் உழைத்தனர். எண்ணிக்கையிற் சிறியதாயினும், தொழிலாளர் இயக்க வரலாற்றில் இப்பகுதியினர் பெறும் இடம் பெரியதாகும். புதிய நாடொன்றிற் கால்வைத்த ஒருவன் சுரங்கத் தொழிலை எவ்வாறு அடைந்தான், அத்தொழிலுக்குள் அவனை இட்டுச்சென்ற வாயில் யாருடைய கையில் இருந்தது, அவ்வாயிலின் இயல்பு அவனது பிற்கால வாழ்வை எவ்வாறு நிர்ணயித்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வினாக்கள் வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றோடு தொடர்பற்றவை போலத் தோன்றலாம். அத்தொடர்பு எத்தகையது என்பது இறுதியில் விளக்கப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னியிலிருந்து பிறநாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் மிகச் சிலரே. மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் எழுதுவினைஞராகச் சென்றவர்கள், ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டினர். வன்னியோ காடு மண்டி, குளங்கள் பல உடைந்து, மலேரியாக் காய்ச்சலால் மக்கள் அருகிய நிலமாக இருந்தது. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இந்நிலையை விரிவாகக் காட்டுகின்றது. ஆனால் அந்நிலத்தினூடாக வேறொரு மக்கட் கூட்டம் நடந்து சென்றது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய தமிழக மாவட்டங்களிலிருந்து தோணியேறி மன்னாரிற் கரைசேர்ந்த ஏழைக் கமக்காரர், செட்டிகுளம், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளையை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் இவ்வழியில் மாண்டோர் பலர். வழியெங்கும் மருத்துவ நிலையங்களும் தங்கு கொட்டில்களும் அமைக்கப்பட்டமை பிற்காலத்து நிகழ்ச்சியே. 1914ஆம் ஆண்டில் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும் அதனோடிணைந்த புகையிரதப் பாதையும் தொடங்கிய பின்னர், அதே நிலத்தினூடாக அம்மக்கள் வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர்.

இவ்வாறு வந்த புதியவர்கள் இலங்கையின் சுரங்கத் தொழிலுள் ஏன் நுழையவில்லை என்பது முதலில் விடைகாண வேண்டிய வினாவாகும். அக்காலத்தில் இலங்கை காரீய ஏற்றுமதியில் உலகப் புகழ் பெற்றிருந்தது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் அவ்வேற்றுமதி உச்சநிலையை எய்திற்று. போகல, ககட்டகக முதலிய இடங்களிற் சுரங்கங்கள் இயங்கின. எனினும் அச்சுரங்கங்களின் உடைமை பெரும்பாலும் உள்நாட்டுச் சிங்கள முதலாளிகளின் கையில் இருந்தது. டி. எஸ். சேனநாயக்கவின் தந்தையாராகிய டொன் ஸ்பேற்றர் சேனநாயக்க இத்தொழிலிற் செல்வம் ஈட்டியவர்களுள் ஒருவர். அவர்கள் தமக்கு அறிமுகமான கிராமங்களிலிருந்தே உழைப்பாளரைத் திரட்டினர். மறுபுறத்தில், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் கங்காணியிடம் முற்பணம் பெற்றுப் புறப்பட்டவர்கள். அவர்களது கடன் எழுதப்பட்ட துண்டு, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவர்களைக் கைமாற்றும் கருவியாயிற்று. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே கரையிறங்கியவன் தொழிலைத் தெரிவு செய்தான் என்று கூறுவது பொருந்தாது. அவன் புறப்படுமுன்னரே அவனது தொழில் முடிவாகிவிட்டது.

இந்த உண்மை நேட்டாலிற் கொடூரமான வடிவத்தைப் பெற்றது. 1860ஆம் ஆண்டு நவெம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னுங் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கருமாவர். கரும்புத் தோட்டங்களுக்கென்றே இம்முறை வகுக்கப்பட்டது. ஆயின் 1890ஆம் ஆண்டையடுத்துப் புகையிரதப் பாதை வட நேட்டாலை எட்டியதும், டண்டீ, நியூகாசில் ஆகிய நகரங்களைச் சூழ்ந்து நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. அவற்றுக்கும் ஒப்பந்தக் கூலிகள் ஒதுக்கப்பட்டனர். சென்னையிற் கைரேகை இட்டவன் தான் செல்லப்போவது கரும்புக் காட்டுக்கா கரிச்சுரங்கத்துக்கா என்பதை அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. டர்பனிற் கரையிறங்கியபின் அவனை இன்ன முதலாளிக்கு என அதிகாரிகளே பகிர்ந்தளித்தனர். வயலும் ஏரும் அறிந்த கைகள் இவ்வாறு பூமிக்கடியிற் கரி வெட்டவும் வண்டி தள்ளவும் பழகின.

சுரங்க முதலாளிகள் இவர்களை விரும்பியமைக்குக் காரணம் யாது? தொழிற்றிறமை அக்காரணமன்று, புதியவனுக்கு அத்திறமை இருந்திருக்க முடியாது. அம்மண்ணின் ஆபிரிக்கத் தொழிலாளருக்கு ஓரளவேனும் சொந்த நிலம் இருந்தது. உழவுக் காலத்தில் அவர்கள் ஊர் திரும்பினர். கூலி உயர்ந்த இடமாகிய திரான்சுவால் பொற்சுரங்கங்களுக்கும் சென்றனர். ஒப்பந்தக் கூலிக்கோ இவ்விரு வழியும் அடைபட்டிருந்தது. ஐந்தாண்டுகளுக்கு அவன் ஒரு முதலாளிக்குக் கட்டுப்பட்டவன். அனுமதிச் சீட்டின்றி வளவை விட்டு வெளியேறின் அவன் குற்றவாளியாவான். ஒருநாள் வேலைக்கு வராவிடின் இருநாட் கூலி வெட்டப்பட்டது. முதலாண்டில் மாதம் 10 சிலிங் ஆகத் தொடங்கி ஆண்டுக்கொரு சிலிங்காக உயர்வதே வழக்கமான ஊதியம். எனவே சுரங்க முதலாளி விலைகொடுத்து வாங்கியது உழைப்பை மட்டுமன்று, நகரமுடியாத நிலையையுமாகும். உழைப்புச் சந்தை என்று பொருளியலார் கூறுவதிலிருந்து தப்புவதற்கு முதலாளி வர்க்கம் கண்ட வழியே ஒப்பந்த முறை எனலாம்.

ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் இக்கட்டு அவிழாதிருக்க மற்றொரு கருவி தேவைப்பட்டது. 1895ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதனை வழங்கிற்று. ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாமலும் புதிய ஒப்பந்தத்திற் சேராமலும் நேட்டாலிலே தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுண் வரி செலுத்த வேண்டுமென அது விதித்தது. பின்னர் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளும் 13 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளும் இவ்வரிக்கு உட்படுத்தப்பட்டனர். 3 பவுண் என்பது 60 சிலிங். அதாவது ஒப்பந்தக் கூலியொருவனின் முதலாண்டு ஊதியத்தில் ஆறு மாதப் பங்கு. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் கொண்ட குடும்பமொன்று ஆண்டுக்கு 12 பவுண் கட்ட வேண்டியதாயிற்று. இவ்வரிக்கு அஞ்சியே பலர் மீண்டும் ஒப்பந்தத்திற் கைநாட்டிட்டுச் சுரங்கத்துக்குத் திரும்பினர். வரி என்ற பெயரில் இயங்கியது உண்மையில் ஓர் ஆட்திரட்டு முறையே.

1912ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கா சென்ற கோகலே, இவ்வரி நீக்கப்படும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். அது நீக்கப்படவில்லை. 1913ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத நடுப்பகுதியில் தம்பி நாயுடுவும், திரான்சுவாலிலிருந்து வந்த, பெரும்பாலும் தமிழராகிய பெண்கள் குழுவொன்றும் நியூகாசில் நகரை அடைந்து சுரங்கத் தொழிலாளரிடையே பேசினர். சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கின. இரு வாரங்களுள் ஆயிரக்கணக்கானோர் கருவிகளைக் கீழே வைத்தனர். அப்பெண்கள் மூன்று மாதக் கடூழியச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். நவெம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 பிள்ளைகள் என எண்ணப்பட்ட அணியொன்று காந்தியின் தலைமையில் நேட்டால் எல்லையைக் கடந்து திரான்சுவாலுக்குள் நடந்தது. சில நாட்களில் காந்தி சிறைவைக்கப்பட்டார். தொழிலாளர் புகையிரதத்தில் ஏற்றப்பட்டுச் சுரங்கங்களுக்கே திருப்பியனுப்பப்பட்டனர்.

அதன்பின் நிகழ்ந்ததே ஆட்சியின் வர்க்கச் சார்பைத் தெளிவாகக் காட்டுகின்றது. சுரங்க வளவுகள் டண்டீ, நியூகாசில் சிறைச்சாலைகளின் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. சுரங்க மேற்பார்வையாளர் சிறைக்காவலர் ஆயினர். வேலைநிறுத்தஞ் செய்தவனுக்கு விதிக்கப்பட்ட கடூழியத் தண்டனை, அவன் செய்ய மறுத்த அதே சுரங்க வேலையாக அமைந்தது. ஒப்பந்தத் தொழிலுக்கும் சிறைத் தண்டனைக்கும் இடையிலிருந்த திரை இவ்வாறு அரசாங்கத்தாலேயே அகற்றப்பட்டது. இச்செய்தி தமிழகத்திலும் பெருங் கொந்தளிப்பை ஏற்படுத்திற்று. அரசப் பிரதிநிதியாகிய ஹார்டிஞ்சுப் பிரபுவே அம்மாதத்திற் சென்னையில் தென்னாபிரிக்க அரசைக் கண்டித்துப் பேச நேர்ந்தது. சிறையிற் காய்ச்சலுற்று மீண்ட வள்ளியம்மை, 1914ஆம் ஆண்டு பெப்புருவரி 22ஆம் நாள் தமது பதினாறாம் வயதில் மறைந்தார். அவ்வாண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண் வரியை ஒழித்தது.

இப்போராட்டத்தைத் தனியொரு தலைவரின் அறவழிச் சோதனையாக மட்டுமே காணும் வரலாற்று நோக்குப் போதாது. காந்தி சிறைப்பட்டபின்னரே வேலைநிறுத்தம் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவிற்று என்பது கவனிக்கத்தக்கது. தலைமை அகன்ற இடத்திலும் அது வளர்ந்ததாயின், அதன் வேர் தொழிலாளரின் அன்றாட வாழ்விலே தேடப்பட வேண்டும். சுரங்கம் நூற்றுக்கணக்கானோரை ஒரே வளவில் நெருக்கி வைத்தது. புகையிரதப் பாதை ஒரு சுரங்கத்தின் செய்தியை மற்றதற்குக் கொண்டுசென்றது. வரி அனைவருக்கும் பொதுவான பகையாயிற்று. பிணிப்பதற்கென அமைத்த ஏற்பாடே ஒன்றுதிரள்வதற்கும் களமாயிற்று. எனினும் அவ்வெற்றியின் எல்லையையும் மறத்தலாகாது. 1913ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் புதிய இந்தியர் வருவதற்கான வாயிலை அடைத்தது. ஆபிரிக்கத் தொழிலாளரோடு இணைந்த போராட்டமாக அது விரிவடையவுமில்லை.

கோலார் தங்கவயல் இதனோடு ஒப்பிடத்தக்கது. அது கடல் கடந்த நாடன்று. எனினும் மைசூர் சமத்தானத்தில், கன்னட மண்ணில் அமைந்தமையால், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழருக்கு அது அயலிடமே. 1880ஆம் ஆண்டு முதல் ஜோன் ரெயிலர் என்னும் ஆங்கில நிறுவனம் அங்குப் பொன் அகழ்ந்தது. சென்றவர்களுட் பெரும்பாலார் நிலமற்ற தாழ்த்தப்பட்ட சாதியினர். இங்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. மேஸ்திரியும் ஒப்பந்தகாரரும் வாயில்காப்போராயினர். ஆயினும் ஊரிற் சாதியடிமை நிலையில் இருந்தவனுக்குக் காசாகக் கிடைத்த கூலி ஒரு விடுதலையாகவும் தோன்றியது. இரு ஒடுக்குமுறைகளுக்கிடையே ஒன்றைத் தேர்ந்துகொண்ட அவனது முடிவை அறியாமை எனத் தள்ளுதல் தவறாகும். 1930ஆம் ஆண்டில் நிருவாகம் விரல்ரேகைப் பதிவைக் கட்டாயமாக்க முனைந்தபோது, குற்றவாளிகளைப் போலத் தம்மை நடத்துவதை ஏற்காத தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். 1956ஆம் ஆண்டிற் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001ஆம் ஆண்டு பெப்புருவரி மாத இறுதியில் மூடப்பட்டன. மூன்று கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு அகழ்ந்த அச்சமூகத்தின் வழித்தோன்றல்கள் பலர், இன்று நாள்தோறும் புகையிரதமேறிப் பெங்களூருக்குத் தொழிலுக்குச் செல்கின்றனர்.

இவ்விரு வரலாறுகளும் வன்னிக்கு எவ்வாறு பொருந்துகின்றன? செட்டிகுளத்தைக் கடந்து மலைநாடு சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், ஒரு நூற்றாண்டின் பின்னர் அதே வழியில் வடக்கு நோக்கித் திரும்பினர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களைப் பட்டினி வாட்டிற்று. 1977ஆம் ஆண்டின் வன்செயல் அவர்களை விரட்டிற்று. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அவர்கள் வந்து தங்கினர். எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராசசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியமர்த்த முயன்றன. 1983ஆம் ஆண்டில் அவ்வமைப்பின் தலைவர்கள் கைதாயினர், இராசசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார்.

இம்மக்கள் வன்னியில் அடைந்த தொழில் பெரும்பாலும் பிறர் வயலிற் கூலிவேலை, காடுவெட்டல், கல்லுடைத்தல் என்பனவே. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற குடியிருப்புகளில் வாழ்வோருக்கு நீர்ப்பாசனக் காணி எட்டாப் பொருளாகவே இருந்து வந்துள்ளது. அவர்களைக் குறிக்கத் தோட்டக்காட்டார் என்னும் இழிசொல் தமிழர் வாயிலேயே வழங்கிற்று. இங்கு ஒப்பந்தச் சட்டமோ 3 பவுண் வரியோ இருக்கவில்லை. எனினும் காணி உறுதியின்மை, பிரசாவுரிமையின்மை, சாதிப் பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்து, புதியவனை மலிந்த உழைப்பாக நிறுத்தி வைத்தன. பிரசாவுரிமைச் சிக்கல் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாற் பெருமளவு தீர்ந்தது. காணிச் சிக்கல் அவ்வாறு தீரவில்லை.

வன்னிக்கும் கனிவளத் தொழிலுக்கும் நேர்த்தொடர்பு இல்லாமலில்லை. கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டையிற் கனிய மணல் அகழ்வதற்கென 1957ஆம் ஆண்டில் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. போருக்குப் பிந்திய வன்னியிற் கருங்கல் உடைப்பும் ஆற்றுமணல் அகழ்வும் பெருகியுள்ளன. இத்தொழில்களில் உடலுழைப்பைத் தருவோர் யாவர், அவர்கள் நிலமுடையோரா நிலமற்றோரா, அவர்களை வேலைக்கு அழைத்துவருவோர் யாவர் என்பன களஆய்வின் மூலம் விடைகாணப்பட வேண்டிய வினாக்களாகும்.

நேட்டாலும் கோலாரும் உணர்த்தும் வரலாற்று உண்மை ஒன்றுண்டு. புதியவன் தாழ்ந்த தொழிலில் நிலைப்பதற்கு அவனது தகுதியின்மை காரணமன்று. வேறிடம் செல்ல இயலாதவாறு அவனைச் சூழ்ந்து அமைக்கப்பட்ட ஏற்பாடுகளே காரணமாகும். பிறநாட்டு முதலாளிகள் நம்மவர்க்கு இழைத்த அநீதியை ஆராயும் நாம், நம் மண்ணிற் புதியவராய் வந்தோர்க்கு நாம் வகுத்த ஏற்பாடுகளையும் அதே அளவுகோலால் அளத்தல் வேண்டும். வன்னியின் வரலாறு வன்னியர் தலைமைகளின் வரலாறாகவும் குளங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. அக்குளங்களின் கீழ் நீர் பெறாதோரின் வரலாறும் அதனோடு சேர்த்து எழுதப்பட வேண்டும்.